பக்கத்து நிரைக்காரி



அறக்கட்டளைச் சொற்பொழிவுகள் பெரும்பாலும் தகப்பனார் பெயரில் இருக்கும். தாயார் பெயரில், மறைந்த கணவர் பெயரில், ஆசிரியர் பெயரில் இருப்பதும் உண்டு. இந்தச் சொற்பொழிவை ஓர் அம்மையார் தம் தோழியின் பெயரில் ஏற்படுத்தியிருக்கிறார். நான் பேசப் போன இடங்களில் இப்படி ஒன்றை இதுவரை கண்டதில்லை. அந்த இருவரைப் பற்றியும் வரவேற்புரையில் கேட்டீர்கள். நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. ஆனால் சினேகிதிக்காகச் சேமிப்பை எடுத்து வைப்பது எவ்வளவு அபூர்வம் என்பதை மட்டும் கவனியுங்கள். உறவுக்குச் செய்வது கடமை என்கிறோம். நட்புக்குச் செய்தால், 'இவளுக்கென்ன வந்தது?' என்று ஊர் கேட்கும்.

எனக்குத் தந்த தலைப்பு 'நட்பும் உளநலமும்'. உளவியல் படித்தவர்கள் பேச வேண்டிய விஷயம் இது. நான் தோட்டத் தொழிலாளர் வாழ்க்கையைப் பார்த்தும் எழுதியும் வருகிறவன். அதனால் தலைப்பை என் பக்கம் கொஞ்சம் இழுத்துக்கொள்கிறேன். தனக்கும் ஒரு மதிப்பு இருக்கிறது என்ற நினைப்பு ஒரு மனுஷிக்கு எங்கிருந்து வருகிறது? அதில் அவளோடு வேலை செய்கிறவளுக்கு என்ன பங்கு? கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரத்திலிருந்து மூணாறு, பூப்பாறை, குமுளி வரை, கேரளத்தின் கிழக்கு விளிம்பில் தமிழ் பேசி வாழ்கிற மக்களிடம் இந்தக் கேள்வியை வைத்துப் பார்க்கலாம்.

போடியிலிருந்தும் தேவாரத்திலிருந்தும் கம்பத்திலிருந்தும் விடிகிற நேரத்தில் ஜீப்புகள் மலையேறுகின்றன. போடிமெட்டு வழியாகவோ கம்பம்மெட்டு வழியாகவோ எல்லை தாண்டி, சாந்தாம்பாறை, உடும்பன்சோலை, நெடுங்கண்டம் பக்கத்து ஏலத்தோட்டங்களில் பெண்களை இறக்கிவிட்டுச் சாயங்காலம் திரும்ப ஏற்றி வருகின்றன. எத்தனை பேர் ஏறலாம் என்று சட்டம் சொல்கிறதோ அதற்கு மேல்தான் எப்போதும் ஏறியிருப்பார்கள். விபத்துகளும் நடந்திருக்கின்றன. அந்த ஆபத்தை நான் அழகுபடுத்த வரவில்லை. ஆனால் அந்த நெரிசலுக்குள் ஓர் ஒழுங்கு உண்டு. யார் எந்த மூலை, யார் மடியில் யாருடைய தூக்குவாளி என்பதெல்லாம் எழுதாமலே முடிவானவை. ஒருத்தி வந்து உட்கார்ந்து வாய் திறக்கும் முன்பே, "என்ன மதினி, மொகம் ஒரு மாதிரியா இருக்கு?" என்று எதிரில் இருப்பவள் கேட்டுவிடுவாள். "ஒண்ணுமில்ல" என்பது பதில். அடுத்த வளைவு திரும்புவதற்குள் ராத்திரி வீட்டில் நடந்த சண்டை முழுதும் ஜீப்புக்குத் தெரிந்துவிடும். ஒருத்தி வராவிட்டால் டிரைவர் ஒருதரம் ஹாரன் அடித்துவிட்டுக் கிளம்பப் பார்ப்பார். "இருங்கண்ணே, அவ வந்துருவா" என்று உள்ளேயிருந்து சத்தம் வரும்.

'அவ வந்துருவா' என்கிற அந்தச் சத்தத்தைத்தான் நான் சொல்ல வருகிறேன். நாள் முழுக்கக் குனிந்து, செடியின் தூரில் உட்கார்ந்து, தரையோடு கிடக்கிற சரங்களில் விளைந்த காயை மட்டும் பார்த்துப் பறிக்கிற வேலை அவளுடையது. தோட்டக்காரருக்கு அவள் ஓர் ஆள் கணக்கு. வீட்டில் அவள் சம்பளம். அவள் இல்லாததை ஒரு குறையாகக் கண்டு வண்டியை நிறுத்துகிற இடம் அந்த ஜீப்பு ஒன்றுதான்.

2008-இல் சிமோன் ஷ்னால் என்ற உளவியலாளரும் உடன் ஆய்வாளர்களும் ஒரு வேடிக்கையான சோதனை செய்தார்கள். முதுகில் கனமான பையோடு மாணவர்களை ஒரு மேட்டின் அடியில் நிறுத்தி, எவ்வளவு செங்குத்து என்று கேட்டார்கள். நண்பரோடு நின்றவர்களுக்கு, தனியாக நின்றவர்களைவிட அந்த மேடு சாய்வாகத் தெரிந்தது. நட்பு எவ்வளவு பழையதோ அவ்வளவு சாய்வு. சிறிய ஆய்வு அது. இவ்வகைச் சோதனைகளைப் பற்றித் துறைக்குள் பிறகு சண்டையும் நடந்தது. ஆகவே பெரிதாக எதையும் அதன்மேல் கட்ட மாட்டேன். போடிமெட்டுக்காரிகளிடம் சொன்னால், 'இதுக்கு ஒரு ஆராய்ச்சியா?' என்பார்கள்.

கனடாவின் மான்ட்ரியாலில், கன்கார்டியா பல்கலைக்கழகத்தார் 2011-இல் வெளியிட்ட ஆய்வின்மேல் எனக்கு நம்பிக்கை அதிகம். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளிடம் ஒரு நாளில் பலமுறை குறிப்பு எழுதச் சொன்னார்கள்: சற்று முன் என்ன நடந்தது, யார் கூட இருந்தார்கள், உன்னைப் பற்றி உனக்கு இப்போது என்ன தோன்றுகிறது? கூடவே எச்சில் மாதிரியும் எடுத்தார்கள். மன அழுத்தத்தில் கூடுகிற கார்ட்டிசால் என்ற சுரப்பை அதில் அளக்கலாம். கெட்டது ஏதாவது நடந்தபோது உயிர்த்தோழன் பக்கத்தில் இல்லாத பிள்ளைக்குக் கார்ட்டிசால் ஏறியது, 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்ற எண்ணமும் ஏறியது. தோழன் பக்கத்தில் இருந்த பிள்ளைக்கு நடந்தது அதே கெட்டதுதான்; ஆனால் உடம்பும் மனமும் பெரிதாக அசையவில்லை.

எல்லைப்புறப் பள்ளிகளுக்கு இதைக் கொண்டுவந்து பாருங்கள். இந்த அவையில் இருக்கும் மாணவர்களில் பலர் தமிழ் வழியில் படித்தவர்கள். கேரளத்தில் தமிழ் சட்டப்படி அங்கீகரிக்கப்பட்ட சிறுபான்மை மொழி. 1969-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டத்திலேயே அதற்கு இடம் இருக்கிறது. ஆனால் பத்தாவதுக்குப் பிறகு மலையாளச் சூழலுக்குள் போய் உட்காரும் பிள்ளையின் காதில் முதலில் விழுவது அந்தச் சட்டமல்ல, தமிழரை இழிவாகக் குறிக்கும் 'பாண்டி' என்ற சொல். கோயம்புத்தூருக்குப் போனால் அதே பிள்ளை மலையாளத்தான். வகுப்பில் ஒரு வாக்கியம் தப்பாக வந்து எல்லாரும் சிரிக்கும்போது, சிரிக்காத ஒருவன் பக்கத்துப் பெஞ்சில் இருந்தால் போதும். வகுப்பு முழுவதும் மதிக்க வேண்டியதில்லை. அந்த ஒருவன் மலையாளியாக இருந்துவிட்டால் இன்னும் நல்லது. எனக்குத் தெரிந்த நல்ல மலையாளம் பேசும் தமிழர்களைக் கேட்டால், பாடப்புத்தகத்தைச் சொல்ல மாட்டார்கள். ஒரு சினேகிதனைச் சொல்வார்கள்.

இனி மூணாறுக்குப் போவோம். தேயிலைக்காட்டில் ஆளுக்கொரு நிரை. சரிவில் பக்கத்துப் பக்கத்து நிரையில் ஏறிக்கொண்டே கொழுந்து எடுப்பார்கள். சாயங்காலம் எடை. இத்தனை கிலோ எடுத்தால்தான் முழுநாள் என்று ஒரு கணக்கு; 2015-இல் அது 21 கிலோ. மாதவிலக்கில் துவண்டவளுக்கும் காய்ச்சலோடு வந்தவளுக்கும் அதே 21தான். அப்போது பக்கத்து நிரைக்காரி தன் சாக்கிலிருந்து இரண்டு கை அள்ளி அவள் சாக்கில் போடுவதை நான் பார்த்திருக்கிறேன். 'இந்தா' என்ற சொல்கூட இல்லை. வாங்கியவள் நன்றி சொல்லவும் இல்லை. பேச்சு எதைப் பற்றிப் போய்க்கொண்டிருந்ததோ அதைப் பற்றியே போய்க்கொண்டிருந்தது. தொலைக்காட்சித் தொடரில் மாமியார் செத்துவிட்டாளா இல்லையா என்று ஞாபகம்.

உதவி வாங்குவது ஒரு மனிதரின் தன்மதிப்பைக் குறைக்கவும் செய்யும் என்பது நமக்குத் தெரியும். 'நான் இல்லாட்டி நீ என்னாயிருப்ப?' என்று பின்னால் ஒருநாள் கேட்கப்போகிற கை நீட்டும் உதவி அப்படிப்பட்டது. நியால் போல்ஜரும் சகாக்களும் 2000-இல் நியூயார்க்கில் வழக்கறிஞர் தகுதித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தவர்களையும் அவர்களுடைய துணைவர்களையும் தினந்தோறும் தனித்தனியே குறிப்பு எழுதச் சொன்னார்கள். துணை உதவியது, படிப்பவருக்கு அது உதவி என்று உறைக்கவில்லை. அந்த நாட்களில்தான் படிப்பவரின் மனச்சோர்வு குறைந்தது. 'எனக்கு உதவி கிடைத்தது' என்று அவரே குறித்துவைத்த உதவியால் அந்த அளவு பலன் இல்லை, சிலசமயம் அது எதிராகவும் போனது.

வள்ளுவர் நட்புக்கு எழுதிய அதிகாரங்களில் 'பழைமை' என்று ஒன்று, 81-ஆவது. மேடைகளில் அதிகம் எடுத்துக் கையாளப்படாத அதிகாரம். பழகிய நண்பர் உரிமையோடு, கேளாமல் ஒன்றைச் செய்துவிட்டால் அதை எப்படி எடுத்துக்கொள்வது என்பதே அதன் விஷயம். லயம் என்கிற தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில் வாழ்ந்தவர்களுக்கு உரை தேவையில்லாத அதிகாரம் அது. ஒரே சுவரின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குடும்பம். பக்கத்து வீட்டில் ஆளில்லாதபோது நுழைந்து சீனி டப்பாவைத் திறந்து எடுத்துக்கொண்டு, சாயங்காலம் 'உன் வீட்டுல சீனி தீரப்போவுது' என்று அவளிடமே சொல்லலாம். என் வீட்டில் கேளாமல் எடுக்க ஒருத்திக்கு உரிமை இருக்கிறது என்றால், கொடுக்கும் நிலையில் நான் இருக்கிறேன் என்று பொருள். மாதக்கடைசியில் 232 ரூபாய் தினக்கூலியை எண்ணிக்கொண்டிருப்பவளுக்கு அந்தப் பெருமையை வேறு யார் தருவார்கள்? ஆறுதல் வார்த்தையைவிட இந்த உரிமைதான் ஆளை நிமிர்த்துகிறது என்பது என் எண்ணம். இந்தப் பேச்சில் நான் புதிதாகச் சொல்ல முயல்வது இது ஒன்றே.

அந்த 232 ரூபாய் 2015-ஆம் ஆண்டுக் கூலி. அந்த ஆண்டு கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளான்டேஷன்ஸ் நிறுவனம் முந்தைய ஆண்டு 19 சதவீதமாக இருந்த போனஸை 10 சதவீதமாகக் குறைத்தது. 2005-இல் டாட்டா குழுமம் தோட்டங்களிலிருந்து விலகியபோது தொழிலாளர்களையும் பங்குதாரர்களாக்கி உருவான நிறுவனம் அது. போராடியவர்கள் காகிதத்தில் முதலாளிகளும்கூட. செப்டம்பர் முதல் வாரத்தில் பெண்கள் வேலையை விட்டு இறங்கி மூணாறு நகரத்துக்கு வந்து கொச்சி–தனுஷ்கோடி நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். ஆயிரக்கணக்கில் உட்கார்ந்தார்கள். அங்கே பலம் பொருந்திய தொழிற்சங்கங்கள் மூன்று. ஒன்றின் தலைவரையும் பக்கத்தில் விடவில்லை. தங்கள் வீட்டு ஆண்களையும் தள்ளி நிற்கச் சொன்னார்கள். 'பெம்பிளை ஒருமை', அதாவது பெண்கள் ஒற்றுமை, என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். லிஸ்ஸி சன்னி, கோமதி அகஸ்டின், இந்திராணி மணிகண்டன், ராஜேஸ்வரி ஆகியோரின் பெயர்களைக் கேரளம் அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டது. செப்டம்பர் 13-ஆம் தேதி இரவு, முதலமைச்சர் உம்மன் சாண்டி நடத்திய பேச்சில், போனஸும் கருணைத்தொகையுமாகச் சேர்த்து 20 சதவீதம் என்று முடிவாயிற்று. அக்டோபரில் கூலி 301 ரூபாய் ஆனது. அவர்கள் கேட்டது 500.

அலுவலகம் இல்லை, சந்தா இல்லை, கொடி இல்லை. இவ்வளவு பேர் எப்படி இறங்கினார்கள் என்று அப்போது எல்லாரும் ஆச்சரியப்பட்டார்கள். பின்னாலிருந்து யாரோ இயக்குகிறார்கள் என்றும் சந்தேகப்பட்டார்கள். எனக்கு அதில் ஆச்சரியம் தோன்றவில்லை. நிரை நிரையாக இருபது, முப்பது வருஷம் பழகியவர்கள். இவள் இறங்கினால் அவள் இறங்குவாள் என்பது தெரியும். சங்கத்தை நம்பி ஏமாந்தவர்களுக்கு மிச்சமிருந்த அமைப்பு அந்தப் பழக்கம்தான்.

போராட்டக் காலத்துத் தொலைக்காட்சிப் பதிவுகள் கிடைத்தால் பாருங்கள். தோட்டத்து அதிகாரியின் எதிரே முக்காடு இழுத்து நின்ற தலைமுறையின் மகள்கள், மைக்கை நீட்டும் நிருபரிடம் தமிழும் மலையாளமும் கலந்து, கூலிக் கணக்கை விரல் விட்டுச் சொல்கிறார்கள். ஒருத்தி பேச்சில் தடுமாறினால் பின்னாலிருந்து இன்னொருத்தி வாக்கியத்தை முடிக்கிறாள். தனியாகக் கூப்பிட்டு விசாரித்திருந்தால் இவர்களில் எத்தனை பேர் வாய் திறந்திருப்பார்கள்?

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அந்த நவம்பரில் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் பெம்பிளை ஒருமை சில இடங்களை வென்றது. கோமதி ஒன்றியப் பஞ்சாயத்து உறுப்பினரானார். அதற்குப் பிறகு தலைமையில் இருந்தவர்களுக்குள் பிளவு வந்தது, சிலர் கட்சிகளுக்குப் போனார்கள், கூட்டம் கரைந்தது. 2017 ஏப்ரலில் அமைச்சர் ஒருவர் தங்கள் போராட்டத்தை இழிவாகப் பேசினார் என்று பெம்பிளை ஒருமையினர் சிலர் மூணாறில் உண்ணாவிரதம் உட்கார்ந்தபோது, 2015-இன் கூட்டம் அங்கே இல்லை. சாலையில் சேர்ந்து உட்காரப் போதுமானதாக இருந்த நட்பு, பதவியைப் பங்கிடப் போதவில்லை. அரசியல் ஆய்வாளர்கள் இதற்கு வேறு காரணங்கள் சொல்வார்கள், அவையும் சரியாக இருக்கலாம். நிரையில் சமமாக நின்றவர்களில் ஒருத்தி மேடைக்கும் ஒருத்தி கீழுமாக ஆனபின், கேளாமல் எடுக்கிற உரிமை செத்துப்போகிறது என்றே எனக்குப் படுகிறது.

நட்பு மனத்தைக் கீழே இழுக்கவும் செய்யும். அமண்டா ரோஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2002-இல் பள்ளிப் பிள்ளைகளிடம் கண்டது இது: சினேகிதிகள் இருவர் தங்கள் கஷ்டத்தையே திரும்பத் திரும்பப் பேசிக்கொண்டிருந்தால் நெருக்கம் கூடுகிறது, கூடவே மனச்சோர்வும் கூடுகிறது. ஜீப்பிலும் லயத்திலும் இது நடக்கிறது. ஒருத்தியின் புருஷனைப் பற்றி ஒருமாதம் அழுது தீர்த்தபின், இரண்டு பேரும் சேர்ந்து தூக்கம் கெட்டதுதான் மிச்சம் என்றாகிவிடும். நட்பை வரிசையாக ஐந்து அதிகாரங்களில் பேசிய வள்ளுவர் அதில் இரண்டைத் தீ நட்புக்கும் கூடா நட்புக்கும் ஒதுக்கியிருக்கிறார். பிறந்தநாள் வாழ்த்து அட்டைக்கு வேண்டிய நட்பை மட்டும் பேசுகிறவர்கள் அந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

பாலக்காட்டுப் பக்கம் வருவோம். கொல்லங்கோட்டைத் தாண்டி முதலமடைப் பஞ்சாயத்தில் கோவிந்தாபுரம் அம்பேத்கர் காலனி இருக்கிறது. தமிழ் பேசும் சக்கிலியர் குடும்பங்கள் அங்கே தீண்டாமைக்கு உள்ளாவதாக 2017-இல் பெரும் செய்தி வந்தது. டீக்கடையில் தனித் தம்ளர் என்றும் புகார்கள். கட்சிகள் வந்து சமபந்தி நடத்தின. 1917-இல் செறாயியில் சகோதரன் ஐயப்பன் நடத்திய மிச்ரபோஜனம் என்ற சாதி கலந்த விருந்தின் நூற்றாண்டு அது என்பதையும் பேச்சாளர்கள் நினைவுபடுத்தினார்கள். அந்த விருந்தின் வரலாற்றை நான் மதிக்கிறேன். ஆனால் மேடைக்காரர் வந்து ஒருவேளை சாப்பிட்டுப் போனபின், மறுநாள் அதே டீக்கடைக்குப் போகப்போவது காலனிப் பையன்தான். அவனோடு யார் போவார்கள் என்பதல்லவா கேள்வி?

மேத்யூ லோ என்ற பொருளியலாளர் உத்தரப்பிரதேசத்துக் கிராமங்களில் கிரிக்கெட் போட்டிகள் நடத்தி ஓர் ஆய்வு செய்தார்; 2021-இல் வெளிவந்தது. பல சாதி இளைஞர்களைக் குலுக்கல் முறையில் ஒரே அணியில் போட்டபோது சாதி தாண்டிய நட்புகள் கூடின. வேறு சாதிக்காரனை எதிரணியில் மட்டுமே சந்தித்தவர்களுக்கு அந்த நட்புகள் குறைந்தன. வெறும் சந்திப்பு போதாது, இருவருக்கும் ஒரே ஜெயிப்பும் ஒரே தோல்வியும் இருக்க வேண்டும். மூணாற்றில் பள்ளரும் பறையரும் சக்கிலியரும் கிறிஸ்தவரும் பக்கத்துப் பக்கத்து நிரையில் நின்றார்கள். சாதி அங்கே செத்துவிட்டது என்று சொல்ல மாட்டேன், கல்யாணத்தில் உயிரோடுதான் இருக்கிறது. ஆனாலும் கோவிந்தாபுரத்தில் இல்லாத ஒரு பழக்கம் அங்கே வளர்ந்தது. எடை போடும் இடத்தில் ஒரே தராசுதானே?

கடைசியாக, நட்புக்கு இடம் வேண்டும் என்பதைச் சொல்லி முடிக்கிறேன். 2020 ஆகஸ்டு 6 இரவு, ராஜமலைக்குப் பக்கத்தில் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள் மேல் விழுந்தது. இறந்தவர்கள் 70 பேர். அதில் நால்வரின் உடல் கிடைக்கவேயில்லை. அவர்களில் பலரின் பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு. தப்பியவர்களுக்குக் குடும்பம் போனதை எல்லாரும் எழுதினார்கள். சுவருக்கு அந்தப் பக்கத்துக் குடும்பமும் கூடவே போனதை யாரும் எழுதவில்லை. அழுவதற்கு யார் தோளில் சாய்வோமோ அவளும் மண்ணுக்குள். பிறகு குற்றியாறு பள்ளத்தாக்கில் எட்டுக் குடும்பங்களுக்கு வீடு கட்டிக்கொடுத்தார்கள். எட்டையும் ஒரே இடத்தில் கட்டியது, தெரிந்து செய்தார்களோ தெரியாமல் செய்தார்களோ, சரியான காரியம்.

நிலச்சரிவு இல்லாமலும் இந்தப் பிரிவு ஆண்டுதோறும் நடக்கிறது. 58 வயதில் வேலை முடிந்தால் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். காலி செய்தால்தான் பணிக்கொடை கைக்கு வரும் என்பது பல தோட்டங்களில் நடைமுறை. நாற்பது வருஷம் ஒரே சரிவில் நின்றவர்களில் ஒருத்தி சங்கரன்கோவில் பக்கம், ஒருத்தி மகன் வேலை செய்யும் திருப்பூருக்கு, ஒருத்தி தேனிக்கு. பூர்வீக ஊர் என்பார்கள். அந்த ஊரில் அவளை யாருக்கும் தெரியாது. முல்லைப் பெரியாறு விவகாரம் முற்றிய 2011 டிசம்பரில் எல்லைச் சாலைகள் அடைபட்டு ஜீப்புகள் நின்றபோது கூலி இழப்பைப் பத்திரிகைகள் எழுதின. ஓய்வுபெற்றவளின் ஜீப்பு நிரந்தரமாகவே நின்றுவிடுகிறது, அது செய்தியாவதில்லை. சர்க்கரை, ரத்த அழுத்தம் என்று மாத்திரை கொடுக்கிற மருத்துவர்கள், 'பேச ஆள் இருக்கா?' என்று இவர்களிடம் கேட்டால் நோயின் பாதிக் கதை கிடைக்கும்.

ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளர்களுக்கு வீடு தர வேண்டும் என்ற கோரிக்கை பழையது. கேரள அரசின் லைஃப் மிஷன் போன்ற திட்டங்களில் வருமானம் கேட்கிறார்கள், நிலம் கேட்கிறார்கள், ரேஷன் கார்டு கேட்கிறார்கள். கேட்கட்டும். அந்த விண்ணப்பத்தில் இன்னும் ஒரு வரி சேர்க்கச் செலவு எதுவும் ஆகாது: யார் வீட்டுக்குப் பக்கத்தில் உங்களுக்கு வீடு வேண்டும்? இரண்டு பேர், மூன்று பேர் சேர்ந்து ஒரே விண்ணப்பம் போடவும் வழி செய்யலாம். இந்தத் தமிழ்த்துறையின் மாணவர்கள் கோடை விடுமுறையில் சூரியநெல்லிக்கும் தேவிகுளத்துக்கும் போய், ஓய்வுக்கு நெருங்கும் பெண்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்டு எழுதி வந்தால், கோரிக்கையோடு இணைத்துக் கொடுக்க நான் கூட வருகிறேன்.